கேன்டீன் கூரையில் மென்மயிர் விலங்கு

ஒரு மரநாயைச் சட்டப்படி பிடிப்பது எப்படி என்று முழுசாகத் தெரிந்தவர் ஒரகடம் வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் கன்னியப்பன். சட்டம் தெரியாமல் சும்மா பிடித்தவர்கள் முன்பு நிறையப் பேர் உண்டு. கன்னியப்பனே அப்படி ஏழெட்டைப் பிடித்து ஏரிக்கரை முள்காட்டில் விட்டவர்தான். அதெல்லாம் அறியாமையில் செய்தது. அறிவு அவருக்குப் போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கேன்டீன் கூரையிலிருந்து நேராக விழுந்தது.

காருக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் அவர் பராமரிப்பு சூப்பர்வைசர். கம்பெனியின் ஆள் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்கு ஆள் தருகிற கான்ட்ராக்டருடைய ஆள். லைனில் ஓடுவதற்கெல்லாம் எஞ்சினியர்கள் இருந்தார்கள். லைனில் ஓடாததற்கெல்லாம் கன்னியப்பன் இருந்தார். கழிவறை, தண்ணீர் கேன், புல், புறா, எரியாத டியூப்லைட், பெரிய அதிகாரி வருகிற நாளில் மட்டும் வெளியே எடுத்து வைக்கும் பூந்தொட்டிகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சில மாதமாகவே கேன்டீனில் ஒரு வாசனை இருந்தது. சீரகச்சம்பா அரிசி பதமாக வெந்து இறக்குகிற வாசனை. அதிகாரிகளுக்குத் தனியாக பிரியாணி ஆகிறது என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். தங்களுக்குத் தெரியாமல் யாரோ தொழிலாளர் மெனுவை மாற்றிவிட்டார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். இரு தரப்பிலிருந்தும் புகார்ப் பெட்டியில் காகிதம் விழுந்தது. மரநாய் மூத்திரத்துக்கு அந்த வாசனை உண்டு என்பது கன்னியப்பனுக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை.

மதியம் பன்னிரண்டே கால், முதல் ஷிப்ட் சாப்பாட்டு நேரம். கூரைக்கு அடியில் பதித்திருந்த அட்டைகளில் ஒன்று பிளந்தது. பூனை அளவில், சாம்பலும் கறுப்புமாக, உடம்பளவுக்கே நீண்ட வாலோடு ஒன்று கீழே வந்து வேல்விழி என்ற பெண்ணின் தட்டில் நின்றது. பிறகு அவளுடைய இடது கையையே படிக்கட்டாக வைத்து எம்பி, தூணோரம் ஒயர்கள் போகும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து ஏறி, வந்த ஓட்டை வழியாகவே திரும்பிப் போய்விட்டது. எல்லாம் சேர்த்து நாலு விநாடி இருக்கும்.

வேல்விழி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாக வந்து எட்டு மாதம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று சிவப்புக் கோடு.

"ஏண்ணே, இது பூனையா கீரியா?" என்றாள், கையைப் பிடித்துக்கொண்டு. "மூஞ்சியப் பாத்தா ரெண்டும் மாதிரி இருந்துச்சு."

"மரநாய்மா. ஊசி போட்டே ஆவணும். எழுந்து வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

முதல் ஊசி அன்றே போட்டார்கள். இன்னும் நாலு ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கன்னியப்பன் கவிப்பிரியா மேடத்தைப் பார்க்கப் போனார். மனிதவளம், பாதுகாப்பு, மகிழ்ச்சி ஆகிய மூன்றுக்கும் அந்தக் கம்பெனியில் அவர்தான் மேனேஜர். முப்பது வயதுகூட ஆகவில்லை. எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். இல்லை என்று சொல்லும்போது இன்னும் அன்பாகக் கூப்பிடுவார்.

"விபத்துன்னு பதிஞ்சுக்கங்க மேடம். ஊசி போட்டுக்க லீவு வேணும் அந்தப் பொண்ணுக்கு."

"கன்னியப்பன் அண்ணா, விலங்கு தாக்குதல்னு எழுதணும்னா எந்த விலங்குன்னு எழுதணும். நம்ம பிளான்ட்ல விலங்கே கிடையாதே? போன மாசம்தானே ஆடிட்ல அப்படிச் சொல்லி சர்டிபிகேட் வாங்கினோம்?"

"நாப்பது பேரு பாத்தாங்க மேடம்."

"பாத்தாங்க. ஆனா ரெக்கார்டுல இல்லையே அண்ணா."

சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கன்னியப்பன் அடுத்த விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு கூண்டு, ரெண்டு வாழப்பழம் போதும் மேடம். புடிச்சு ஏரிக்கரையில உட்டுர்றேன். டீ குடிக்கிற நேரத்து வேலை."

கவிப்பிரியா பதறிப்போனார். "ஐயோ! நாம சான்றிதழ் வாங்கின கம்பெனி. அப்படியெல்லாம் புடிக்கக் கூடாது. அதுக்கு முடி இருக்கா?"

"நெறைய கீது மேடம்."

"சாப்ட் முடியா?"

"தொட்டுப் பாக்கல."

கவிப்பிரியா கம்ப்யூட்டரில் தேடினார். மென்மயிர் விலங்குகளைப் பொறி வைத்துப் பிடித்தல் தொடர்பான நெறிமுறைகள் என்று ஒன்று இருந்தது. அறுபத்து நாலு பக்கம். முடியுள்ள எந்த உயிரினத்தையும் உரிய அனுமதி இல்லாமல் பிடிப்பதோ, பிடிக்க முயல்வதோ, பிடிக்கும் நோக்கத்தோடு பழம் வைப்பதோ குற்றம்.

"நீங்களே போய் பர்மிஷன் வாங்கிட்டு வந்துடுங்க அண்ணா. முறைப்படியே பண்ணிடுவோம்."

அப்படித்தான் கன்னியப்பன் வாலாஜாபாத்துக்குப் போனார். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில், மென்மயிர் விலங்குகள் பிடிப்பு ஒழுங்குமுறைப் பிரிவு என்று பலகை தொங்கியது. உள்ளே வனமாமலை என்ற அலுவலர் உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அந்தப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் அங்கே. பத்தொன்பது வருஷத்தில் இன்றுவரை ஒருவர்கூட விலங்கு பிடிக்க அனுமதி கேட்டு வந்ததில்லை. மெத்தை விலை கேட்டு மாடியேறி வந்தவர்கள்தான் உண்டு. ஆகவே கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னதும் வனமாமலை எழுந்து வந்து தன் கைக்குட்டையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க. என்ன விலங்கு?"

"மரநாய் சார்."

பேனா அப்படியே நின்றது.

"மரம்னா அது வேற பிரிவு. நாய்னா ஊராட்சி. ரெண்டையும் சேத்து ஒரே பேர்ல கொண்டு வந்தா நான் எங்க பதியுறது?"

"புனுகுப்பூனைன்னும் சொல்லுவாங்க சார்."

"பூனைன்னா வீட்டு விலங்கு. கால்நடைத் துறைக்குப் போயிரும்."

"வூட்ல இல்ல சார், கேன்டீன்ல கீது."

"கேன்டீன்ல யாராவது குடியிருக்காங்களா?"

"அதுதான் சார் குடியிருக்குது."

வனமாமலைக்கு நியாயம் புரிந்தது. ஆனால் நியாயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அரை மணி நேரம் யோசித்து, நாய் என அழைக்கப்பட்டாலும் நாயல்லாத, பூனையெனத் தோன்றினும் பூனையல்லாத, மரத்தில் தற்போது வசிக்காத விலங்கு என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

படிவம் பதினோரு பக்கம். முடியின் நீளம், நிறம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை முடி. விலங்கின் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. கன்னியப்பன் இரண்டுக்கும் கம்பெனி விலாசத்தையே எழுதினார். கம்பெனி வருவதற்கு முன்னால் அங்கே மாந்தோப்பு இருந்தது, அப்போதிலிருந்தே அந்தக் குடும்பம் அங்கேதான் என்றார். வனமாமலை அதற்கு ஆவணம் கேட்டார். மாந்தோப்புக்குச் சொந்தக்காரர்களிடமே ஆவணம் இல்லாமல்தான் தோப்பு கைவிட்டுப் போனது என்று கன்னியப்பன் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சிக்கல். விலங்கு பிடிக்க அனுமதி வேண்டுமென்றால் கூண்டின் தரச்சான்று எண் வேண்டும். கூண்டுக்குத் தரச்சான்று வேண்டுமென்றால் எந்த விலங்குக்கு என்ற அனுமதி எண் வேண்டும்.

"எப்படி சார் இது?"

"ரெண்டு மனுவையும் சேத்துக் குடுக்கணும். ஆனா ஒரு நபர்கிட்ட ஒரு நாளைக்கு ஒரு மனுதான் வாங்கலாம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு வனமாமலையின் முகம் மலர்ந்தது. பத்தொன்பது வருஷ அனுபவம் வீண் போகுமா?

"அரை நாள் விடுப்பு விதி இருக்கில்லா! முற்பகல் ஒரு நாள், பிற்பகல் ஒரு நாள். ஒண்ணை இப்ப குடுங்க. சாப்பிட்டுட்டு வந்து இன்னொண்ணைக் குடுங்க."

கன்னியப்பன் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தார். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அரசாங்கத்தில் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நல்ல மனிதர்தான். அதில் இன்றுவரை அவருக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த வாரம் கள ஆய்வு. டில்லிபாபு என்ற ஆய்வாளர் காலை பதினொரு மணிக்குக் கேன்டீனுக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூரையைப் பார்த்தார்.

"எங்க? கூப்பிடுங்க."

"பகல்ல தூங்கும் சார்."

"எழுப்புங்க."

"எழுப்பினா மேல உழும்."

டில்லிபாபு நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார். "அது எப்ப முழிக்கும்?"

"பொழுது சாஞ்சப்புறம்."

"ஆபீஸ் டைம் பத்துலேர்ந்து அஞ்சே முக்கா. அந்த டைம்ல ஆஜராவாத விலங்கை நாங்க இருக்கிறதா எடுத்துக்க முடியாதுங்க."

கன்னியப்பன் ஏணி போட்டு ஏறி, கூரைக்குள்ளிருந்து ஒரு முறத்தில் எச்சத்தை அள்ளி வந்து காட்டினார். கொட்டை கொட்டையாக இருந்தது. டில்லிபாபு மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தீர ஆராய்ந்தார்.

"இது விலங்கு இருந்ததுக்கு ஆதாரம். இருக்கிறதுக்கு ஆதாரம் இல்ல."

பிறகு அங்கேயே சாப்பிட்டார். அரிசி வாசனை பிரமாதம், எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மேற்படி வளாகத்தில் மேற்படி விலங்கு ஏதும் அலுவலக நேரத்தில் காணப்படாமையால், இல்லாத விலங்கைப் பிடிக்க அனுமதி கோரிய மனு நிராகரிக்கப்படுகிறது. விலங்கை அலுவலகத்தில் நேரில் ஆஜர்படுத்தும் பட்சத்தில் மனு மறுபரிசீலனை செய்யப்படும். மாற்றாக, முடி மாதிரி இருபத்தைந்து இழைகள் அனுப்பலாம். பிடுங்குதல் கூடாது. தானாக உதிர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

கன்னியப்பன் மறுபடியும் கூரைக்குள் ஏறினார். வேர்க்க வேர்க்க, மூஞ்சியைத் துடைத்துத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் இருபத்தைந்து இழை பொறுக்கி உறையில் போட்டு அனுப்பினார். சோதனைக்கூட முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. முடி மனிதனுடையது, ஆண், சாயம் பூசப்பட்டது. கன்னியப்பன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் கம்பெனி சும்மா இருந்துவிடவில்லை. கேன்டீனில் தலைக்கவசம் அணிந்தே உணவருந்த வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். காரணம் எழுதவில்லை, எழுதினால் விலங்கு இருப்பதாக ஆகிவிடும். முந்நூற்று ஐம்பது பேர் மஞ்சள் ஹெல்மெட்டோடு ரசம் சாதம் பிசைந்தார்கள். இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஹெல்மெட் இல்லாமல் சாப்பிட்ட ஒருவனைப் பக்கத்தில் இருந்தவனே காட்டிக் கொடுத்தான்.

வேல்விழியும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கன்னியப்பனைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ஊசிக்குப் போன நாலு நாளையும் ஆப்சென்ட்னு போட்டிருக்காவ. அது பிறாண்டுனது என் சொந்த விஷயமாம். ஆப்சென்ட் இருந்தா டிரெய்னிங்க நீட்டிக்க மாட்டோம்னு சொல்லுதாவ."

"நான் மேடத்தாண்ட பேசுறேம்மா."

"நீங்க பேசி என்னண்ணே ஆவப்போவுது? என் கைய காட்டுனா நம்ப மாட்டேங்காவ. அதப் பிடிச்சுக் காட்டுனா நம்புவாவல்லா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை சொல்வது போலத்தான் சொன்னாள். கன்னியப்பனுக்குத்தான் சுருக்கென்றது. அவருக்கு இந்தப் பெண்ணின் வயதில் ஒரு மகள் இருந்தாள். மறைமலை நகரில் இன்னொரு கம்பெனியில், இன்னொரு கூரைக்குக் கீழே.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டிலிருந்து பழைய கூண்டைக் கொண்டு வந்து கூரைக்குள் வைத்தார். விதிக்குக் கட்டுப்பட்டு வாழைப்பழத்தை வைக்கவில்லை, கூண்டுக்குள்ளேயே மறந்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை மரநாய் கூண்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி லோடு ஆட்டோவில் ஏற்றி, சாக்கு போட்டு மூடி, நேராக வாலாஜாபாத்.

சாக்கை விலக்கியதும் வனமாமலை எழுந்து நின்றுவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் தன் பிரிவுக்கு உரிய விலங்கை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! முடியப் பாருங்க, படிவத்துல எழுதின மாதிரியே இருக்கு."

"இப்ப ஒத்துக்கிறீங்களா சார், இருக்குதுன்னு?"

"சந்தேகமே இல்ல." அவர் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். குரல் மாறியது. "பிடிக்க அனுமதி எங்க?"

"நீங்கதானே சார் ஆஜர்படுத்தச் சொல்லி லெட்டர் போட்டீங்க?"

"ஆஜர்படுத்தச் சொன்னேன். பிடிக்கச் சொல்லலையே."

பறிமுதல் மகஜர் எழுதப்பட்டது. அனுமதியின்றிப் பிடிக்கப்பட்ட மென்மயிர் விலங்கு, எண்ணிக்கை ஒன்று. சான்று பெறாத கூண்டு, எண்ணிக்கை ஒன்று. எதிரி, கன்னியப்பன். விசாரணை முடியும் வரை விலங்கைப் பாதுகாக்க அலுவலகத்தில் இடமில்லை. கீழே மெத்தைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே விலங்கு எதிரியின் பொறுப்பிலேயே ஒப்படைக்கப்பட்டது.

"இப்பவே தொறந்து உட்டுர்றேன் சார், வுட்டா ஓடிடும்."

"விடுவிக்கிறதுக்கு வேற அனுமதி வேணும். சாட்சிப் பொருளை நீங்களா விட்டீங்கன்னா அது பெரிய குத்தம்."

"சாப்பாடு?"

"பழம் வச்சா அது இரை. இரை வைக்கிறது பொறி வைக்கிறதுல சேரும். ரெண்டாவது குத்தம்."

"வைக்கலேன்னா செத்துடும் சார்."

"அது மூணாவது குத்தம்." வனமாமலை ரொம்ப நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் புரட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சாப்பிடும்போது கை தவறி அதுக்கு முன்னால விழுந்ததுன்னா, அது எதுலயும் வராது."

அன்றிலிருந்து கன்னியப்பன் காலையும் மாலையும் பழைய இரும்பு போடும் ஷெட்டில் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கை தவறித் தவறி வாழைப்பழம் சாப்பிட்டார். வீட்டில் மனைவி மரகதம் கேட்டாள், "இன்னா நீ, பழம் திங்கப் போறேன்னு ஞாயித்துக்கிழமைகூட கம்பெனிக்கு ஓடற?" அவர் அதை விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை கூண்டுக்குள் மூன்று குட்டிகள் இருந்தன. கண் திறக்காமல், சுண்டெலி மாதிரி. கன்னியப்பனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு மகஜர் ஞாபகம் வந்தது. போன் செய்தார். அரை மணியில் வனமாமலையும் டில்லிபாபுவும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"மகஜர்ல ஒண்ணு. இங்க நாலு," என்றார் டில்லிபாபு. "மிச்சம் மூணை எங்க புடிச்சீங்க?"

"புடிக்கல சார். அது போட்டுச்சு."

"அனுமதி இல்லாமலா?"

"அதுக்குப் படிவம் எதுவும் இருந்ததா தெரியல சார்."

வனமாமலை இடையில் வந்தார். "தகப்பன் யாரு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ஆக இன்னொண்ணு தலைமறைவா இருக்கு," என்று அவர் எழுதிக்கொண்டார்.

மகஜருக்கும் நேரடி இருப்புக்கும் இடையே உள்ள மூன்று விலங்கு வித்தியாசத்துக்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும் என்று கன்னியப்பனுக்கு ஓலை கொடுக்கப்பட்டது.

அனுமதியின்றி விலங்கு பிடித்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியது கம்பெனியின் கடமையும்கூட. அதற்கு ஆதாரமாகப் படம் எடுக்கத்தான் கவிப்பிரியா ஷெட்டுக்கு வந்தார். கூண்டுக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே மண்டியிட்டார். "சோ க்யூட்" என்றார். நடவடிக்கைக்காக எடுத்த படம் ஆபீஸ் குரூப்புக்குப் போயிற்று. அங்கிருந்து கடல் தாண்டித் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே அந்த மாதம் பல்லுயிர் மாதம். மறுநாளே பெரிய அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. ஒரு இதயப் படம், பக்கத்தில் இன்னொரு இதயப் படம்.

அதன் பிறகு கம்பெனியில் விலங்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சகவாழ்வு வாரம் அறிவிக்கப்பட்டது. மரநாய் படம் போட்ட பச்சை டி-சர்ட் எல்லோருக்கும் வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப் போனவர்களை நிறுத்தி, 'விலங்கின் மனநிலையைப் புரிந்துகொள்வோம்' என்று அரை மணி வகுப்பு நடத்தினார்கள். நாம்தான் அதன் வீட்டுக்குள் வந்திருக்கிறோம் என்று கவிப்பிரியா மைக்கில் சொன்னபோது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. ஹாஸ்டலில் ஆறு பேர் ஓர் அறையில் படுக்கும் பெண்களும் அதைக் கேட்டுக் கண் கலங்கினார்கள்.

கன்னியப்பன் வகுப்பு முடிந்ததும் போய் நின்றார்.

"மேடம், இப்பதான் விலங்கு கீதுன்னு ஆயிடுச்சே. அந்தப் பொண்ணு வேல்விழிக்கு ஆப்சென்ட் போட்டதை மட்டும்..."

"அண்ணா, இப்படி ஒரு நல்ல மூட் வந்திருக்கு. இப்பப் போய் நெகட்டிவா எதுவும் வேணாமே, ப்ளீஸ்."

மேலிடத்தில் யாரோ யாரிடமோ பேசியிருக்க வேண்டும். மூன்று மாதமாக நகராத கோப்பு நாலே நாளில் நகர்ந்தது. எதிரி கன்னியப்பன் எச்சரித்து விடுவிக்கப்பட்டார். கூடுதலாக இருந்த மூன்று விலங்குகள் இயற்கையான காரணங்களால் ஏற்பட்ட எண்ணிக்கை உயர்வு என வகைப்படுத்தப்பட்டன. விடுவிப்பு ஆணையும் கையோடு வந்தது. மேற்படி விலங்கும் அதன் சந்ததியும், எங்கே பிடிக்கப்பட்டனவோ அதே இயற்கை வாழிடத்தில், அதாவது கேன்டீன் கூரையில், உரிய மரியாதையுடன் விடப்பட வேண்டும்.

"சார், ஏரிக்கரை காடு ரெண்டு கிலோமீட்டர்தான்," என்றார் கன்னியப்பன்.

"காட்டுல பிடிச்சிருந்தா காட்டுல விட்டிருக்கலாம்," என்றார் வனமாமலை. "நீங்கதான் கூரையில பிடிச்சுட்டீங்களே."

விழா நன்றாக நடந்தது. வாசலில் வாழை கட்டினார்கள். பூந்தொட்டிகள் வெளியே வந்தன. வனமாமலையே ஏணியில் ஏறிக் கூண்டுக் கதவைத் தூக்கினார். தாய் முதலில் வெளியே வந்து மோந்து பார்த்தது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் போனது. முந்நூற்று ஐம்பது மஞ்சள் ஹெல்மெட்டும் பச்சை டி-சர்ட்டும் கைதட்டின. கன்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறைப்பதற்கில்லை. விதிப்படி ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

விலங்குகளின் அமைதிக்காகச் சாப்பாட்டு நேரம் அரை மணியிலிருந்து இருபது நிமிஷமாக ஆனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. குட்டி தலை நீட்டுகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே வேகமாகச் சாப்பிட்டார்கள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கவிப்பிரியா கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஆர்டர் குறைஞ்சிருக்கு. டிரெய்னீஸ்ல நாப்பத்து மூணு பேரை இன்னையோட ரிலீஸ் பண்றோம். உங்க போன்ல லிஸ்ட் வந்திருக்கும். ஐடி கார்டை வாங்கிட்டு கேட்ல விட்டுடுங்க. ஹாஸ்டலை ஆறு மணிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுங்க."

மூன்று மாதத்தில் கன்னியப்பன் மாறிப்போயிருந்தார். எந்தக் காரியம் என்றாலும் அதற்கு முன்னால் வரும் காகிதம்தான் இப்போதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"முன்னாடி ஆய்வுக்கு யாராச்சும் வருவாங்களா மேடம்?"

"எதுக்கு?"

"இல்ல, ஒரு மகஜர்... எங்க கொண்டு போயி உடணும்னு ஒரு ஆர்டர்..."

கவிப்பிரியாவுக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு அண்ணா? அவங்க எந்தப் பாதுகாப்புப் பட்டியல்லயும் வரமாட்டாங்களே. மெயில் போட்டாச்சு. அது போதும்."

கன்னியப்பன் நடைபாதையில் நின்று போனைத் திறந்தார். வரிசை எண், பெயர். மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். பதினேழாவதாக வேல்விழி இருந்தாள். அவர் விரல் அங்கே நிற்கவில்லை. நாற்பத்து மூன்று வரைக்கும் போனது. கன்னியப்பன் என்று எதுவும் இல்லை. டிரெய்னி பட்டியலில் அவர் பெயர் வர நியாயமே இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மூச்சு சரியாக வந்தது.

"என்னண்ணே, எதுக்கு எங்கள மட்டும் கூப்பிடுதாவ?" என்றாள் வேல்விழி, கேட் பக்கம் வந்து நின்று.

"ஒண்ணுமில்லமா. கார்டைக் கழட்டிக் குட்த்துட்டு வரிசையா நில்லுங்க. டக்குனு முடிஞ்சிடும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி மடித்து, அவர் கையில் கொடுத்தாள். பதினோரு நிமிஷத்தில் முடிந்தது.

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டு வரிசை மளமளவென்று நகர்ந்தது. இருபது நிமிஷம் தாராளமாகப் போதுகிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னியப்பனும் சொன்னார்.